எலி இருக்கும் அறையும் சோதனையில் சேர்த்திதான்

பதற்றம் தணிக்கும் மருந்துகளை எலிகளில் சோதிக்கும் ஆய்வகங்களில் பிளஸ் மேஸ் என்ற மேடை கட்டாயம் இருக்கும். கூட்டல் குறி வடிவத்தில் நான்கு கைகள்; இரண்டுக்குப் பக்கச் சுவர் உண்டு, இரண்டு வெறும் பலகை. தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் நிற்கும். எலியை நடுவில் விட்டு 5 நிமிடம் கவனிப்போம். பயந்த எலி சுவருள்ள கையில் பதுங்கும். பயம் குறைந்த எலி திறந்த பலகைக்கு வந்து, விளிம்பில் தலையை நீட்டிக் கீழே எட்டிப் பார்க்கும். 1985-ல் இந்தச் சோதனையை எலிகளில் நிறுவிக் காட்டியதிலிருந்து, டயசெபாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தைக் கொடுத்த எலி திறந்த கையில் கூடுதல் நேரம் இருக்கவேண்டும் என்பதுதான் மேடை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

எங்கள் துறையில் அந்த அடையாளம் கிடைக்கவில்லை. மருந்தே கொடுக்காத கண்ட்ரோல் குழுவிலேயே சில எலிகள் ஐந்து நிமிடமும் மூடிய கையின் கடைசி மூலையை விட்டு நகரவில்லை. சில எலிகள் விட்ட உடனே திறந்த பலகையில் நடந்தன. எல்லாம் விஸ்டார் இனம், ஒரே வயது, ஒரே தீனி. ஒரு குழுவுக்குள்ளேயே இவ்வளவு சிதறல் இருந்தால் மருந்தின் விளைவு அதற்குள் காணாமல் போய்விடும். எலிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்பதுதான் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. எனக்கு அதில் சம்மதமில்லை. ஒவ்வொரு எலிக்கும் எத்திக்ஸ் கமிட்டியிடம் காரணம் சொல்லித்தான் அனுமதி வாங்குகிறோம். சிதறலுக்குக் காரணம் தெரியாமல் இன்னும் பல உயிர்களை அதே அறைக்குள் கொண்டுவருவது எந்த வகையிலும் நியாயமாகாது.

கூண்டு அட்டைகளை மேசையில் பரப்பி, சோதனைத் தாளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். எடை, பிறந்த தேதி, சோதித்த நேரம் எதிலும் ஒழுங்கு தெரியவில்லை. ரேக்கின் எந்தத் தட்டில் கூண்டு இருந்தது என்பது மட்டும் அட்டையில் இல்லை. எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் கேட்டேன். அவருக்கு அட்டை தேவைப்படவில்லை.

"மேல் தட்டு எலிங்க பகலெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூலையிலதாம்மா கிடக்கும். கீழ்த் தட்டுல கையை விட்டா மோந்து பார்க்க வரும்" என்றார்.

அவர் நினைவிலிருந்து சொன்ன கூண்டுகளைத் தாளில் குறித்தேன். மேடையில் மூலையை விட்டு நகராத எலிகளில் பெரும்பாலானவை மேல் தட்டைச் சேர்ந்தவை. அதன் பிறகு மருந்து வேலையை நிறுத்திவைத்துவிட்டு, கால்நடை மருத்துவரிடமும் கமிட்டியிடமும் எழுதிக் கொடுத்துச் சம்மதம் வாங்கி, அறையைச் சரிசெய்ய ஆரம்பித்தோம்.

வெளிச்சம்

வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை அறையின் நடுவில் பிடித்து, ஒரு எண்ணை ரெஜிஸ்டரில் எழுதுவதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். அது மனிதனுக்கான எண். எலிக்கு எவ்வளவு வெளிச்சம் படுகிறது என்று தெரியவேண்டுமானால் சென்சாரைக் காலிக் கூண்டுக்குள், எலியின் கண் மட்டத்தில் வைத்து, மூடியைப் போட்டு அளக்கவேண்டும். அப்படி அளந்தபோது மேல் தட்டில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே முன்னூறு லக்ஸைத் தாண்டியது. அடித்தட்டின் உள்மூலையில் பத்தைத் தொடவில்லை. அமெரிக்காவின் ஆய்வக விலங்குப் பராமரிப்பு வழிகாட்டியில், ஒளி ஊடுருவும் கூண்டுகளை அடுக்கிய ரேக்கில் மேலுக்கும் கீழுக்கும் 80 மடங்கு வரை வித்தியாசம் பதிவாகியிருப்பதாகச் சொல்லியிருப்பார்கள். ஒரே கூண்டுக்குள் 20 மடங்கு வரை. எங்கள் ரேக்கும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குக்குள்தான் இருந்தது.

விஸ்டார் வெள்ளை எலியின் கண்ணில் நிறமி கிடையாது. கருவிழிப் படலம் வெளிச்சத்தைத் தடுக்காது. நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் விளக்கே நாள் முழுக்கத் தொடர்ந்து பட்டால் அதன் விழித்திரை செல்கள் சேதமாகும். அதுவும் இரவில் நடமாடுகிற பிராணி. பிளஸ் மேஸில் நாம் அளப்பதே வெளிச்சமான, மறைவில்லாத இடத்தை அது எவ்வளவு தவிர்க்கிறது என்பதைத்தான். வாழ்நாள் முழுக்க ஒளிய இடமில்லாமல் விளக்கடியில் கிடந்த எலியையும், நிழலில் வளர்ந்த எலியையும் ஒரே குழு என்று சேர்த்தால் அந்தச் சராசரிக்கு அர்த்தமில்லை.

செய்தது இவ்வளவுதான். ரேக்கின் தலைக்கு மேல், காற்றோட்டத்துக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு, ஒளிபுகாத பாலிபுரொப்பிலீன் ஷீட்டைக் கூரையாகப் பொருத்தினோம். டியூப்லைட்டுகளில் பாதியைக் கழற்றினோம். வேலை செய்யும் மேசைக்கு மட்டும் தனியாக ஒரு விளக்கு. மருந்துக் குழு, கண்ட்ரோல் குழு இரண்டையும் எல்லாத் தட்டுகளிலும் குலுக்கல் முறையில் பரப்பினோம். இதற்கு முன் சில ஆய்வுகளில் வசதிக்காக ஒரு குழுவை ஒரே தட்டில் வரிசையாக வைக்கும் பழக்கம் அறையில் இருந்தது. அப்படி வைத்தால் கடைசியில் கிடைப்பது மருந்தின் விளைவா, தட்டின் விளைவா என்று யாராலும் பிரிக்கமுடியாது.

டைமரையும் பார்க்கவேண்டியிருந்தது. சுழலும் சக்கர டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஜெனரேட்டர் லைனில் இல்லாத டைமர் என்றால், ஒவ்வொரு மின்வெட்டுக்கும் எலிகளின் பகல் அந்த அளவுக்குப் பின்னால் தள்ளிப்போகும். காலை 6 மணிக்கு எரியவேண்டிய விளக்கு 8 மணிக்கு எரிந்தால், நாம் காலை 9 மணி என்று நினைத்துச் சோதிப்பது எலிக்கு விடிந்து ஒரு மணி நேரம்தான். உள்ளே பேட்டரி இருக்கும் டிஜிட்டல் டைமராக மாற்றினோம். விலை ஒன்றும் பெரிதில்லை.

கதவிலிருந்த கண்ணாடி வழியாக வராந்தா விளக்கு இரவெல்லாம் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் கறுப்பு சார்ட் ஒட்டினோம். இரவில் சுற்றிப் பார்க்க வரும் காவலாளிக்கு ஒரு சிவப்பு டார்ச் கொடுத்து, சுவிட்சைப் போடவேண்டாம் என்று சொல்லி வைத்தோம். எலியின் கண்ணில் இரண்டு வகைக் கூம்பு செல்கள்தான். ஒன்று புற ஊதாவுக்கு, இன்னொன்று பச்சைப் பக்கத்துக்கு. சிவப்பு அதற்கு மிக மங்கலாகத்தான் படும். எலிகள் ஒளிந்துகொள்ளும் பெட்டிகளைச் சிவப்பு பிளாஸ்டிக்கில் விற்பதும் இதனால்தான்: உள்ளே இருக்கும் எலிக்கு இருட்டு, வெளியே இருக்கும் நமக்கு எலி தெரியும்.

நமக்குக் கேட்காத சத்தம்

மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். எலிக்கு அதைப்போல மூன்று நான்கு மடங்கு வரை கேட்கும். அவை பேசிக்கொள்வதும் அங்கேதான். பயந்தால் 22 கிலோஹெர்ட்ஸ் பக்கம் நீளமாக ஒரு குரல். விளையாடும்போது 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம் சின்னச் சின்னக் கீச்சுகள். இதனால் வௌவால்களின் சத்தத்தைக் கேட்கப் பயன்படுத்தும் கையடக்கக் கருவி ஒன்றை விலங்கியல் துறை நண்பரிடம் இரவல் வாங்கினேன். கேளா ஒலியை நமக்குக் கேட்கும் ஒலியாக மாற்றித் தரும். வேலை செய்கிறதா என்று பார்க்கச் சாவிக்கொத்தை அதன் முன்னால் குலுக்கினால் போதும், கடகடவென்று இரையும். அறைக்குள் சாவிக்கொத்தோடு நுழையக்கூடாது என்று நான் சொல்ல ஆரம்பித்தது அதைக் கேட்ட பிறகுதான்.

அமைதியாக இருப்பதாக நாங்கள் நம்பிய அறை அது. கருவியைத் திருப்பிக்கொண்டே நடந்தால் மூலைக்கு மூலை சத்தம். கழுவும் தொட்டியின் குழாய் சொட்டுவது, தள்ளுவண்டியின் ஒரு சக்கரம், எஃகு மூடியை எஃகு ரேக்கில் இழுப்பது. ஆய்வகங்களில் கேளா ஒலியை அளந்து 1988-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றிலும் குழாயும் தள்ளுவண்டியும் பட்டியலில் இருக்கின்றன. குழாய்க்கு வாஷர் மாற்றினோம். சக்கரத்தைக் கழற்றிச் சிக்கியிருந்த முடியையும் உமியையும் எடுத்து கிரீஸ் போட்டோம். ரேக்கின் கம்பிகளில் சிலிகான் பட்டை ஒட்டினோம். ஜெனரேட்டரை நகர்த்த வழியில்லை. அது ஓடிய நேரத்தைக் குறித்துவைத்து, அதற்குப் பிறகு அன்று சோதனை செய்வதில்லை என்று முடிவெடுத்தோம்.

இந்தச் சுற்றில்தான் தண்ணீர் பாட்டில்களும் கண்ணில் பட்டன. சிலவற்றில் முனைக் குழாயின் பந்து அழுக்கில் சிக்கி ஒழுகி, கூண்டின் ஒரு பக்க உமி எப்போதும் ஈரமாகவே இருந்தது. ரப்பர் கார்க்குகளை மாற்றி, முனைகளை வெந்நீரில் ஊறவைத்துச் சுத்தம் செய்தோம்.

ஈரப் படுக்கை, முறை தவறிய விளக்கு என்பதெல்லாம் சில்லறை விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 2004-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையைத்தான் எடுத்துக்காட்டுவேன். ஒரு ஒலி கேட்டால் நெம்புகோலை அழுத்து, தீனி வரும்; இன்னொரு ஒலி கேட்டால் அழுத்தாதே, அழுத்தினால் காதைத் துளைக்கும் இரைச்சல் வரும் என்று எலிகளைப் பழக்கினார்கள். பிறகு ஒரு பகுதி எலிகளின் வாழிடச் சூழலை மட்டும் குழப்பினார்கள். கூண்டைச் சாய்த்து வைப்பது, படுக்கையை நனைப்பது, விளக்கு நேரத்தை மாற்றுவது, தெரியாத எலியோடு சேர்ப்பது என்று எப்போது எது வரும் என்று சொல்லமுடியாத வாழ்க்கை. அப்புறம் இரண்டு ஒலிகளுக்கும் இடைப்பட்ட ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். குழப்பத்தில் இருந்த எலிகள் தீனி ஒலியை ஒட்டிய ஒலிகளுக்குக்கூடத் தயங்கித் தயங்கியும் குறைவாகவுமே அழுத்தின. நல்லது வரும் என்று எதிர்பார்க்கும் மனநிலை அவற்றுக்குக் குறைந்துபோயிருந்தது. அங்கே திட்டமிட்டுச் செய்ததைத்தான் எங்கள் அறை கவனமின்மையால் செய்துகொண்டிருந்தது.

கூண்டு

வழக்கமான பாலிபுரொப்பிலீன் கூண்டின் உயரம் 18 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். வளர்ந்த ஆண் எலி பின்கால்களில் நிமிர்ந்து நின்றால் 26 முதல் 30 செ.மீ. வரை வரும். அதாவது அந்தக் கூண்டில் எலியால் ஒருதரம்கூட நிமிர்ந்து நிற்கமுடியாது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மகோவ்ஸ்காவும் வியரியும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், உயரமும் மண்ணும் உள்ள பெரிய கூண்டில் 3 மாத வயது எலிகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 178 தடவை நிமிர்ந்து நின்றன. வயதான பிறகும் 75 தடவை. சாதாரணக் கூண்டிலிருந்த எலிகள் உடம்பைப் பக்கவாட்டில் நீட்டி முறிப்பது நாளைக்கு 53 தடவை; பெரிய கூண்டில் 6 தடவைதான். நிற்கமுடியாத உடம்பு வேறு வழியில் நிமிர்த்திக்கொள்ளப் பார்க்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இந்த எண்களைப் படித்த பிறகு பழைய கூண்டுகளை என்னால் முன்போலப் பார்க்க முடியவில்லை.

உயரமான கூண்டை உள்ளூர் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் செய்தோம். 304 ரக ஸ்டெயின்லெஸ் சட்டம், 12 மி.மீ. கண் வலை, எல்லா இணைப்பிலும் ஆர்கான் வெல்டிங். துத்தநாகப் பூச்சு வலை மலிவு, ஆனால் எலி கடித்துப் பூச்சை விழுங்கும், சிறுநீர் பட்டால் துருவும் ஏறும், அதைத் தொடவேண்டாம். அடித்தளம் மட்டும் வலையாக இருக்கவே கூடாது. கம்பித் தரையில் நின்றால் பாதம் புண்ணாகும். கெட்டியான தட்டையான டிரே, 60 க்கு 45 செ.மீ.; அதன்மேல் 50 செ.மீ. உயரத்துக்குச் சட்டம். பாதி அகலத்துக்கு ஒரு நடுப்பலகை வைத்து, மீதிப் பாதியை முழு உயரத்துக்குத் திறந்து விட்டோம். கதவு டிரேயின் நீளத்துக்கு இருந்தால்தான் கழுவ எடுப்பது எளிது. வெல்டிங் முடிந்ததும் உள்பக்கம் முழுக்க ஒரு பஞ்சுத் துண்டைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு மாட்டும் இடமெல்லாம் எலியின் தோலைக் கிழிக்கும் இடம். அங்கே மறுபடி உரசவேண்டும்.

உள்ளே என்ன வைப்பது என்பதில் நிறைய யோசித்தோம். படுக்கைக்கு எங்கள் பக்கத்தில் எல்லாரும் போடும் உமிதான். சலித்துத் தூசி போக்கி, ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமி நீக்கியது. ஒளிந்துகொள்ள வாய் அகன்ற சின்ன மண்கலயம், துளையிட்ட கொட்டாங்குச்சி, ஒரு துண்டு குழாய். கூடு கட்ட அச்சிடாத வெள்ளைத் தாளின் கீற்றுகள். கடிக்கக் கட்டை கொடுக்க நினைத்தபோது வேப்பங்கட்டை சுலபமாகக் கிடைத்தது. வேண்டாம் என்றேன். வாசனையும் கசப்பும் உள்ள மரம் எதுவும் மருந்து ஆய்வு செய்யும் அறைக்கு ஆகாது. 1967-லேயே வெசல் என்பவர் காட்டியிருக்கிறார்: செந்தேவதாரு போன்ற மென்மரத் தூளைப் படுக்கையாகப் போட்டதில் எலிகளின் கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகள் கூடிவிட்டன, தூக்க மருந்து கொடுத்தால் தூங்கும் நேரம் குறைந்தது. படுக்கையே மருந்தின் அளவை மாற்றிவிடுகிறது. கொட்டாங்குச்சியையே கடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். அது அவற்றுக்குப் போதுமானதாகவே இருந்தது.

முதல் தொகுதி எலிகளை உள்ளே விட்ட அன்று அண்ணனும் நானும் சிவப்பு விளக்கில் உட்கார்ந்து பார்த்தோம். முதலில் எல்லாம் சுவரோரமாகவே ஓடின. பிறகு ஒரு பெண் எலி தாள்கீற்று ஒன்றை நடுவில் கவ்விக் கலயத்தை நோக்கி இழுத்தது. கீற்று குறுக்காக நின்று வாயில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு, ஒரு முனைக்கு வந்து, அதைக் கவ்விப் பின்னோக்கி நடந்து உள்ளே இழுத்தது. அடுத்த கீற்றை நேராக முனையிலேயே பிடித்தது. கலயம் நிறைந்ததும் முன்கால்களால் உமியைத் தள்ளி வாயைப் பாதி மூடியது. இதையெல்லாம் அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழைய கூண்டில் செய்வதற்குப் பொருள்தான் இல்லாமல் இருந்தது. அப்புறம் திறந்த பாதியில் இன்னொன்று வலையைத் தொடாமல், முன்கால்கள் தொங்க, முழு உயரத்துக்கு நிமிர்ந்து மூக்கை ஆட்டியது. "இம்மாம் பெருசா இது" என்றார் அண்ணன்.

கூண்டு மாறினால் எலியின் மூளையும் நடத்தையும் மாறும் என்பது புதிய செய்தியில்லை. உளவியல் அறிஞர் டொனால்ட் ஹெப் 1940-களில் சில எலிகளைத் தன் வீட்டிலேயே செல்லப் பிராணிகளாக வளர்த்தார். ஆய்வகத்தில் வளர்ந்தவற்றைவிட அவை புதிர்ப்பாதைகளை நன்றாகக் கண்டுபிடித்தன. 1960-களில் பெர்க்லியில் ரோசன்ஸ்வைக், பென்னட், மரியன் டயமண்ட் முதலானோர், பொருட்களும் துணையும் உள்ள கூண்டில் வளர்ந்த எலிகளின் பெருமூளைப் புறணி தடித்திருப்பதை அளந்து காட்டினார்கள். 1970-களின் கடைசியில் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் அலெக்சாண்டர் சாதாரணக் கூண்டைப்போல 200 மடங்கு தரைப் பரப்புள்ள 'எலிப் பூங்கா'வை ஒட்டுப்பலகையில் கட்டினார். ஆணும் பெண்ணுமாக 16 முதல் 20 எலிகள். தனிக்கூண்டு எலிகள் மார்ஃபின் கலந்த இனிப்பு நீரை விரும்பிக் குடித்தன. பூங்காவில் இருந்தவை பெரும்பாலும் சாதாரணத் தண்ணீருக்கே போயின. பின்னால் அதைத் திரும்பச் செய்தவர்கள் எல்லாருக்கும் அதே விடை வரவில்லை. போதைப் பழக்கத்துக்கு அது ஒன்றே விளக்கம் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முன் தனிக்கூண்டு எலிகளை வைத்து எழுதிய முடிவுகளை 'எலியின் இயல்பு' என்று படித்துவந்தோமே, அதைக் கேள்வி கேட்க அந்தப் பெட்டி போதுமானது.

துணையும் கையும்

தனியாக வைப்பதை முடிந்தவரை நிறுத்தினோம். தாயிடமிருந்து பிரித்த உடனே தனியாக வளர்ந்த எலி பிற்பாடு அளவுக்கு மீறித் துறுதுறுவென்று இருக்கும். திடீர்ச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுவதைக் கட்டுப்படுத்தும் திறனும் குறையும். மனச்சிதைவு ஆய்வுகளில் அதையே ஒரு நோய் மாதிரியாகப் பயன்படுத்துகிறார்கள் என்றால் தனிமை எவ்வளவு பெரிய தலையீடு என்று புரியும். தீனி எவ்வளவு தின்றது என்று அளக்கவேண்டிய ஆய்வில் மட்டும் நடுவில் துளையிட்ட தடுப்பு போட்டு இரண்டு எலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மோந்துகொள்ளவும் குரல் கேட்கவும் முடியும்.

வாலைப் பிடித்துத் தூக்குவதை அறவே விட்டோம். நெஞ்சுக்குக் கீழே கையைக் கொடுத்து, பின்கால்களைத் தாங்கி, உடம்போடு அணைத்து எடுப்பது. சோதனைக்கு முந்தைய வாரம் முழுக்க, யார் மேடையில் விடப்போகிறாரோ அவரே தினமும் எடுத்துப் பழக்குவது. ஆளின் வாசம் சின்ன விஷயமில்லை. ஆண்களின் வாசம் பட்டாலே எலிகளுக்கு வலி எதிர்வினை குறைகிறது, அது மன அழுத்தத்தால் வருவது என்று மெக்கில் பல்கலைக்கழகத்தினர் 2014-ல் காட்டினார்கள். ஆண் போட்ட பனியனை அருகில் வைத்தாலே அது நடந்தது. யார் எடுத்தார் என்பதை இப்போது தாளில் எழுதுகிறோம்.

நரம்பியல் அறிஞர் யாக் பாங்க்செப் சொன்னபடி பிடரியிலும் வயிற்றிலும் விரலால் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தேன். இளம் எலிகள் கையைத் துரத்திக்கொண்டு வந்தன. வௌவால் கருவியை 50-க்குத் திருப்பினால் படபடவென்று கீச்சுகள். ஒரு எலிக்குக் கொஞ்ச நேரம் போதும். அதற்குப் பிறகு அந்த எலி என்னைக் கண்டு ஓடியதில்லை.

கழுவும் நாளையும் மாற்றினோம். புதுக் கூண்டுக்கு மாற்றினால் எலிக்கு இதயத் துடிப்பு ஏறி, வெகுநேரம் அலைந்து தேடும். எனவே கழுவிய நாளிலும் மறுநாளும் சோதனை இல்லை. பழைய கூட்டிலிருந்து நனையாத தாள் ஒரு பிடி புதுக் கூண்டுக்குப் போகும்.

மறுபடியும் மேடையில்

புதிய அறையில் வளர்ந்த எலிகளை மேடையில் விட்டபோது, கண்ட்ரோல் குழுவில் உறைந்து நிற்கும் எலிகள் அரிதாகிவிட்டன. தட்டுவாரியாகப் பிரித்துப் பார்த்தாலும் பழைய ஏற்றத்தாழ்வு தெரியவில்லை. டயசெபாம் குழு கண்ணுக்குத் தெரியும்படி விலகி நின்றது. இது ஒரு அறையின் அனுபவம். எந்த மாற்றம் எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல நாங்கள் அதைத் தனித்தனியாகச் செய்யவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வசதியாக வளர்ந்த எலி மருந்தில்லாமலே திறந்த கைக்கு அதிகம் போகும். அடிப்படை உயர்ந்தால் மருந்து காட்டுவதற்கு இடம் குறையும். மேடைக்கு மேலிருக்கும் விளக்கைச் சற்றுக் கூட்டி, கண்ட்ரோல் குழு நடுத்தரமாக நிற்கும் நிலையை முதலில் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. பழைய அறையின் எண்களோடு புதிய எண்களை ஒப்பிடவே கூடாது. நடந்துகொண்டிருக்கும் ஆய்வின் பாதியில் இந்த மாற்றங்களைச் செய்யவும் கூடாது. ஒரு தொகுதி முடிந்து அடுத்தது வரும் முன்தான் செய்யவேண்டும். ஒரே கூண்டின் எலிகள் ஒன்றைப்போல ஒன்று நடப்பதால், கணக்கில் கூண்டையும் ஒரு காரணியாகச் சேர்க்கவேண்டும்.

கூண்டுக்குள் பொருட்களை வைத்தால் சீர்மை கெடும், வேறு ஆய்வகங்களோடு ஒத்துப்போகாது என்று துறையில் எதிர்ப்பு வந்தது. வெற்றுக் கூண்டில் சீர்மை இருக்கிறது என்ற நம்பிக்கையே தவறு. 1999-ல் கிராப், வால்ஸ்டன், டூடெக் மூவரும் போர்ட்லண்ட், எட்மண்டன், ஆல்பனி ஆகிய மூன்று ஊர்களில் ஒரே ரகச் சுண்டெலிகள், ஒரே கருவிகள், ஒரே நேர அட்டவணை என்று எல்லாவற்றையும் ஒன்றாக்கிச் சோதித்தார்கள். பிளஸ் மேஸும் அதில் உண்டு. அப்படியும் ஊருக்கு ஊர் விடை மாறியது. 2004-ல் வோல்ஃபர் முதலானோர், பொருட்கள் நிறைந்த கூண்டில் வளர்ந்த சுண்டெலிகளின் முடிவுகளில் சிதறல் கூடவில்லை, வேறு ஆய்வகத்தில் திரும்பச் செய்தாலும் பாதிப்பில்லை என்று காட்டிவிட்டார்கள். அந்தக் கட்டுரையை அச்செடுத்துக் கொடுத்த பிறகு எதிர்ப்பு அடங்கியது.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது: ஆய்வுக் கட்டுரையில் எழுதுவது. 'எலிகள் வழக்கமான சூழலில் வைக்கப்பட்டன, 12 மணி நேர வெளிச்சம்' என்ற ஒற்றை வரியை வைத்து எந்த அறையையும் திரும்பக் கட்டமுடியாது. விலங்கு ஆய்வுகளை எப்படி எழுதவேண்டும் என்று சொல்லும், 2020-ல் திருத்தி வெளியிட்ட அரைவ் (ARRIVE) வழிகாட்டியில் வசிப்பிடமும் பராமரிப்பும் பற்றித் தனி அம்சமே இருக்கிறது. நாங்கள் இப்போது எழுதுவது: கூண்டின் நீளம், அகலம், உயரம், ஒரு கூண்டில் எத்தனை எலி, படுக்கை என்ன, கூட்டுக்கு என்ன, ஒளிந்துகொள்ள என்ன, கூண்டுக்குள் அளந்த லக்ஸ், தட்டுவாரியாக, விளக்கு எரியும், அணையும் நேரம், எப்படி, யார் எடுத்தார், கழுவிய நாளுக்கும் சோதனைக்கும் இடைவெளி. கூண்டு அட்டையில் தட்டு எண்ணுக்கு இப்போது ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்புவது அண்ணன்தான். கழுவும் நாளில் கூண்டு இடம் மாறினால் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதைத் தேதியோடு எழுதுகிறார்.